பார்த்தவர் பைசல் சொல்லக் கூடாது

நெமிலிச்சேரி ரயில் நிலையத்தின் படியிறங்கி வெளியே வந்தால் இடது பக்கம் ஆட்டோ ஸ்டாண்டு. பத்தொன்பது வண்டிகள். சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு சின்னத் தையல் கடை. அதை நடத்துபவர் லத்தீஃபா. வயது நாற்பத்தாறு. பூந்தமல்லியில் பிறந்து, அங்கேயே தொழில் கற்றவர். கணவர் ஷவுகத் அலிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை. ரயிலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் தேவலை என்று ஒன்பது வருடங்களுக்கு முன் இந்தப் பக்கம் குடிவந்தார்கள்.

நான் தினமும் அந்த ஸ்டாண்டில் ஆட்டோ ஏறுகிறவன். என் பேன்ட்டுகளுக்கு உயரம் குறைத்துத் தருபவர் லத்தீஃபா. இதில் பாதி அவர் சொல்லிக் கேட்டது. மீதி, வண்டிக்குக் காத்து நிற்கும்போது என் காதில் விழுந்தது.

ஸ்டாண்டுக்குத் தலைவர் மோகன். பதினைந்து வருடங்களுக்கு முன் நாலு வண்டியோடு அதை ஆரம்பித்தவர். போலீசிடம் பேசி இடம் வாங்கியதும், பெயர்ப் பலகை வைத்ததும் அவர்தான். அதனால் விதிகளை எழுதுகிறவரும் அவராகவே இருந்தார். எந்த வண்டி முதலில், எந்த வண்டி அடுத்து என்று வரிசை பார்ப்பதும் அவர். வரிசையை மீறிச் சவாரி ஏற்றியவனை இரண்டு நாள் ஸ்டாண்டுப் பக்கம் வராதே என்று உட்கார வைப்பதும் அவர். வெகு நாள் யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. தமிழரசு என்ற டிரைவர்தான் ஒருநாள் விரல் விட்டு எண்ணினார். மூன்று வருடத்தில் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மோகனுடைய மனைவியின் தம்பி எழில் ஒருமுறைகூட உட்காரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளிவட்டச் சாலைப் பாலத்துக்குக் கீழே பத்தொன்பது பேரும் கூடினார்கள்.

“ரூல் போடறதும் நீ, லைன் பாக்கறதும் நீ, குந்த வெக்கறதும் நீ. அப்ப நாங்கள்லாம் இன்னாத்துக்கு கீறோம்?” என்றார் தமிழரசு.

“நான் யாருக்குனா ஓரவஞ்சன பண்ணேன்னு ஒருத்தன சொல்லச் சொல்லு,” என்றார் மோகன்.

யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் எழிலைப் பார்த்தார்கள். அவன் செல்போனில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

அன்றைக்கு மூன்று விஷயம் முடிவானது. இனி விதி போடுவதென்றால் எல்லாரும் கை தூக்க வேண்டும். வரிசை பார்ப்பது பார்த்தசாரதி. அவர் முதுகு வலியால் வண்டியை வாடகைக்கு விட்டுவிட்டு ஸ்டாண்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர். மூன்றாவது, தகராறு வந்தால் பைசல் சொல்ல, அதாவது தீர்ப்புச் சொல்ல, வேறு ஒரு ஆள். அந்த ஆளுக்கு ஸ்டாண்டில் வண்டி இருக்கக் கூடாது, சொந்தக்காரனும் இருக்கக் கூடாது. பொறுப்பு ஒரு வருடத்துக்குத்தான், பிறகு மறுபடி ஓட்டு.

மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் மோகனுக்குச் சித்தப்பா மகன். பூ விற்கும் சரசாவின் மருமகன் இங்கேயே வண்டி ஓட்டுகிறான். பீடி சிகரெட் விற்கும் பங்க் கடைக்காரர் தமிழரசுவுக்குச் சம்பந்தி முறை. பஞ்சர் கடைக்காரர் எழிலோடு ஒன்றாகப் படித்தவர். அந்த நூறடித் தூரத்துக்குள் யாரை எடுத்தாலும் எங்கேயாவது ஒரு முடிச்சு இருந்தது. கடைசியில் தையல் கடைதான் மிஞ்சியது.

நாலு பேராக வந்து கேட்டபோது லத்தீஃபா காக்கிச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் தையக்காரி. எனக்கு இன்னாப்பா தெரியும்?”

“உனக்கு இங்க யாரும் இல்லக்கா. அது போதும்,” என்றார் தமிழரசு.

அது பாராட்டா, இல்லை இத்தனை வருடம் இருந்தும் நீ வெளியாள்தான் என்று நினைவூட்டுவதா என்பது லத்தீஃபாவுக்குப் புரியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். கையிலிருந்த தையலை முடித்தார். பிறகு, “யாரோ ஒருத்தர் நம்மள கேட்டாங்களேன்னுதான்,” என்றார்.

ஒத்துக்கொண்ட பிறகு அவர் செய்த முதல் வேலை, கடை வாசலில் கிடந்த பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டது. சவாரி இல்லாத நேரத்தில் டிரைவர்கள் அதில் உட்கார்ந்து பேசுவது வழக்கம். இனி வேண்டாம் என்றார். ஸ்டாண்டிலிருந்து காலை மாலை வந்துகொண்டிருந்த டீயை நிறுத்தினார். புகார் என்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வர வேண்டும், தனியாக வந்து ஒரு வார்த்தைகூட சொல்லக் கூடாது என்றார்.

“இன்னாக்கா, டீ கூடவா?” என்று ஒருவன் கேட்டான்.

“டீதாம்ப்பா மொதல்ல வரும்,” என்றார்.

முதல் ஆறு மாதத்தில் நாலு பைசல். உட்கார்ந்த நாலு பேரில் இரண்டு பேர் மோகன் பக்கம், இரண்டு பேர் தமிழரசு பக்கம். இதில் யாரும் குறை சொல்ல முடியாது என்று நான் நினைத்தேன். ஸ்டாண்டில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள்.

“சமமா வர்ற மாதிரி பாத்துப் பாத்து பண்றா மாமே. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. நாயமா பண்ணா இப்பிடி வருமா?”

இது அவர் காதுக்கும் போனது. அதன் பிறகு லத்தீஃபாவுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே அப்படித்தான் செய்தேனா என்று நாலு வழக்கையும் மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவதில், மூன்றாவதில், எங்கேயாவது கை தானாக அந்தப் பக்கம் சாய்ந்ததா? தெரியவில்லை.

தன்னைச் சந்தேகப்பட்டவர் மற்றவர்களையும் சந்தேகப்பட ஆரம்பித்தார். சரசா அரை முழம் பூ கூட வைத்துக் கொடுத்தால் மருமகனுக்காகவோ என்று தோன்றியது. பங்க் கடைக்காரர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று தோன்றியது. நான் ஒருநாள் சட்டைக்குப் பொத்தான் வைக்கப் போனபோது, “நீங்க எந்த ஆட்டோல வருவீங்க?” என்று கேட்டார். வரிசையில் எது முன்னால் நிற்கிறதோ அதில் என்றேன். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் சட்டையை வாங்கினார்.

புரட்டாசியில் மோகனுடைய மனைவி கிருஷ்ணப்பிரியா ஆறு பிளவுஸ் துணியோடு வந்தார். ஒன்பது வருடத்தில் அவர் அந்தக் கடைக்கு வந்ததே இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எழில் மேல் யாரோ புகார் கொடுக்கப் போவதாக ஸ்டாண்டில் ஒரு பேச்சு அடிபட்டிருந்தது. லத்தீஃபா துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“இப்ப எடுக்க முடியாதும்மா. வேல நெறைய கீது.”

“தங்கச்சிக்கு வளகாப்புக்கா. இன்னும் பத்து நாளு கீதே.”

“வேற எங்கனா குடுத்துக்கோம்மா.”

கிருஷ்ணப்பிரியா கடையைச் சுற்றிலும் பார்த்தார். மிஷின் மேல் ஒரே ஒரு பாவாடைதான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எழில் மேல் புகார் ஏதும் வரவில்லை. பத்து நாள் கழித்து மோகன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள், வளைகாப்பு நடந்தது. கண்ணாடி வளையல் அடுக்கிய கையோடு பெண்கள் ஆட்டோவில் ஏறி இறங்குவதைக் கடையிலிருந்தே பார்த்த லத்தீஃபா அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டார். “ஒரு பொம்பளய வாசல்ல நிக்க வெச்சு அனுப்பிட்டேன்,” என்று ஷவுகத் அலியிடம் சொன்னார்.

“இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல?” என்றார் அவர்.

பெரிய வழக்கு ஐப்பசியில் வந்தது.

அன்று விடியற்காலையிலிருந்து மழை. எட்டு மணி ரயில் வந்து நின்றதும் ஜனம் படியிறங்கி ஓடி வந்தது. குடை இல்லாதவர்கள் கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எந்த வண்டி கிடைத்தாலும் ஏறினார்கள். திடீரென்று ஒரு சத்தம். தமிழரசுவின் வண்டி எழிலின் வண்டிக்குக் குறுக்கே நின்றது. எழிலின் வண்டிக் கண்ணாடி உடைந்து தண்ணீரில் கிடந்தது. இரண்டு பேரும் நனைந்துகொண்டே ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த பயணிகள் மெதுவாக இறங்கி வேறு வண்டி தேடிப் போனார்கள்.

மறுநாள் எழில் புகார் கொடுத்தான். வரிசையில் மூன்றாவது வண்டி தன்னுடையது, ஏழாவதாக நின்ற தமிழரசு வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் வந்து, தட்டிக்கேட்ட தன் மேல் வண்டியை விட்டு இடித்தார் என்பது புகார். பார்த்தசாரதி தினமும் வரிசை எழுதி வைக்கும் நோட்டில் அப்படித்தான் இருந்தது. எழில் மூன்று, தமிழரசு ஏழு. எழிலுக்குச் சாட்சியாக வந்த மூன்று டிரைவர்களும் அதையே சொன்னார்கள். தமிழரசு சொன்னது நேர்மாறு. அவர்தான் மூன்றாவது. எழில் வரிசையிலேயே நிற்காமல், சுற்றிக்கொண்டு போய்ப் படிக்கட்டோரம் நிறுத்திச் சவாரி ஏற்றினான். தடுக்கத்தான் குறுக்கே போனேன் என்றார். அவர் பக்கம் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. மழையில் மற்ற எல்லாரும் திரையை இறக்கிவிட்டு உள்ளே இருந்திருந்தார்கள்.

லத்தீஃபா பார்த்திருந்தார்.

சாரல் உள்ளே அடிக்கிறதென்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெளிச்சத்துக்காக அதன் கீழே குனிந்து உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டோரம் எழிலின் வண்டி நின்றது. ஆட்கள் அதில் ஏறினார்கள். அந்த நேரத்தில் தமிழரசுவின் வண்டி வரிசையில் அசையாமல் நின்றது. பிறகுதான் அது உறுமிக்கொண்டு கிளம்பியது. இவ்வளவும் அவர் கண்ணால் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை பைசல் என்று சொல்லிவிட்டார். இடையில் நாலு நாள்.

இரண்டாம் நாள் தமிழரசு கடைப் பக்கம் வந்தார். தனியாக வரக் கூடாது என்று அவருக்கும் தெரியும். கைலி ஒன்றை மூட்டக் கொடுக்கிற சாக்கில் வந்தார்.

“அக்கா, நீ அன்னிக்கு கட தொறந்துதான் வெச்சிருந்த. உன் கண்ணுக்கு எதிர்லதான் எல்லாம் நடந்துச்சு.”

“ஞாயித்துக்கெழம பேசு தமிழு. இப்ப போ.”

“உன்ன இந்த எடத்துல குந்த வெச்சதே நான்தான். மறந்துடாத.”

லத்தீஃபா கைலியை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அப்போது தனக்கு வந்தது பயமா கோபமா என்று தனக்கே தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். தமிழரசு சொன்னது உண்மை, அவர் பக்கம் நியாயம் இருப்பதும் உண்மை. ஆனால் நன்றிக்கடனைக் காட்டி அவர் கேட்டதும், நியாயமாகவே சொல்லப்போகிற ஒன்றுகூட லஞ்சம் வாங்கிச் சொல்வதுபோல் ஆகிவிட்டது.

அன்று மாலை ஷவுகத் அலி வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். லத்தீஃபா எல்லாவற்றையும் சொன்னார்.

“இதுல யோசிக்க இன்னா கீது? நீ பாத்தத நீ பாத்துட்ட. எழிலு மேல தப்பு. அவன குந்த வெய்யி. ஏன் எதுக்குன்னு யாருக்கும் சொல்லாத.”

“எப்பிடிங்க? நோட்டு அவன் பக்கம் கீது. மூணு பேரு அவன் பக்கம் கீறாங்க. அத்தனையும் தள்ளிட்டு தமிழு சொல்றதுதான் சரின்னா, எத வெச்சு சொன்னன்னு கேப்பாங்கல்ல?”

“நான் பாத்தேன்னு சொல்லு.”

“நான் பாத்தது நெசமா, மழையில சரியா தெரிஞ்சுதா, வேற வண்டியா இருக்குமான்னு எழிலு என்னக் கேக்கணும்ல? நான் சாட்சின்னே அவனுக்குத் தெரியாது. மனசுக்குள்ள ஒரு சாட்சிய ஒளிச்சு வெச்சுகினு நான் எப்பிடி பைசல் சொல்றது? அத்தத்தான் மோகனு பண்ணிகினு இருந்தாரு.”

ஷவுகத் அலி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அப்ப ரெண்டுல ஒண்ணுதான். சொல்றவளா இரு, இல்ல பாத்தவளா இரு,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்குக் கீழே லத்தீஃபாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதில் உட்காரவில்லை.

“இந்த வழக்க நான் பாக்க முடியாது. அன்னிக்கு நடந்தத நான் பாத்தேன். நான் சாட்சி. வேற யார்னா குந்துங்க.”

யாரும் எதிர்பார்க்கவில்லை. எழிலின் முகம் மாறியது. தமிழரசு, “இன்னாக்கா இது, நீயே சொல்லிட்டுப் போ,” என்றார். மோகன் மட்டும் எழுந்து நாற்காலிப் பக்கம் இரண்டு அடி வைத்தார்.

“சரி, அப்ப இந்த ஒரு தபா நானே பாத்துடறேன்.”

“எழிலு உங்க மச்சான்,” என்றார் லத்தீஃபா.

“அதனால?”

“அதனால வாணாம்.”

மோகன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் இடத்துக்குப் போனார். அடுத்து யார் என்று அரை மணி நேரம் பேச்சு. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு பக்கம் தலையாட்டியது, மறுபக்கம் சந்தேகப்பட்டது. பார்த்தசாரதிதான் கடைசியில், “தெனம் நம்ம வண்டில ஏர்றவங்கள கேட்டா இன்னா?” என்றார். அப்படித்தான் லாவண்யா வந்தார்.

லாவண்யா அம்பத்தூரில் ஒரு ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் சூப்பர்வைசர். முத்தாபுதுப்பேட்டையில் வீடு. தினமும் மாலை ஆறரை ரயிலில் வந்து இறங்குவார். எந்த டிரைவரின் பெயரும் அவருக்குத் தெரியாது, வண்டி நம்பர்தான் தெரியும். முதலில் மாட்டேன் என்றார். பிறகு, “இருபது நிமிஷம்தான். வீட்ல பசங்க இருக்காங்க,” என்று புதன்கிழமை மாலை ஸ்டாண்டிலேயே நின்றபடி கேட்டார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

எழில் புகாரைச் சொன்னான். தமிழரசு பதில் சொன்னார். மூன்று டிரைவர்களும் சொன்னதையே சொன்னார்கள். அடுத்து லத்தீஃபா தான் பார்த்ததைச் சொன்னார். எழிலுக்கு இப்போது கேள்வி கேட்கும் முறை வந்தது. அவன் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான்.

“ஷட்டரு பாதி எறங்கி இருந்துச்சா இல்லியா?”

“இருந்துச்சு.”

“நீ துணி வெட்டிகினு இருந்த. தல குனிஞ்சுதான் இருந்த?”

“குனிஞ்சும் இருந்தேன். நிமிந்தும் பாத்தேன்.”

“எனக்கு முன்னாடி லைன்ல எத்தினி வண்டி நின்னுச்சுன்னு சொல்லு.”

“தெரியாது.”

“அப்ப நோட்டு பொய்யா?”

“நோட்ட நான் பாக்கல. பாக்காதத சொல்ல மாட்டேன்.”

எழில் எல்லாரையும் பார்த்து, “கேட்டுக்கங்கப்பா. ஒண்ணும் தெரியாது இவங்களுக்கு,” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். லத்தீஃபாவின் காது சிவந்துவிட்டது. இத்தனை மாதமாக மற்றவர்களை நிற்க வைத்துக் கேட்டவர், இப்போது தானே நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

லாவண்யா சிரிக்கவில்லை. “எல்லா வண்டியும் ஒரே மஞ்சள்தானே. மழையில, எதிர்ப்பக்கத்துல இருந்து, அது இவரு வண்டிதான்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று எழிலைக் காட்டிக் கேட்டார்.

“அதோட மழத்தெர கிழிஞ்சுதுன்னு போன வருசம் நான்தான் தெச்சுக் குடுத்தேன். கருப்பு நூலு இல்ல, பச்ச நூலு போட்டேன். அந்தப் பச்சத் தையலு எனக்குத் தெரியும். நீங்களும் போய் பாருங்க.”

லாவண்யா நடந்து போய் எழிலின் வண்டியில் சுருட்டிக் கட்டியிருந்த திரையை அவிழ்த்துப் பார்த்தார். பச்சைத் தையல் இருந்தது. திரும்பி வந்து பார்த்தசாரதியிடம் நோட்டைக் கேட்டார். மற்ற பக்கங்கள் எல்லாம் அழுக்கேறி, ஓரம் மடங்கி, எண்ணெய் விரல் பட்டுக் கிடந்தன. அந்த ஒரு நாளின் பக்கம் மட்டும் புதுசாக இருந்தது.

“இது அன்னிக்கே எழுதினதாண்ணா?”

“மழையில நோட்டு நனஞ்சுபோச்சுமா. அப்பால வேற பக்கத்துல எழுதினேன்.”

“யாராவது சொல்லி எழுதினீங்களா?”

பார்த்தசாரதி ஸ்டூலில் நெளிந்தார். பதில் வருவதற்கு முன் அவர் கண் ஒரு கணம் மோகன் பக்கம் போய் வந்தது. “யாரும் சொல்லல,” என்றார்.

அந்தப் பார்வையை லாவண்யா பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். என் பக்கத்தில் நின்றவரும் பார்த்தார்.

லாவண்யா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தமிழரசுவைக் காட்டிச் சொன்னார். “நோட்டு அப்புறமா எழுதினது, அதை நான் எடுத்துக்க முடியாது. இவரு லைன உடைச்சாருன்னு எனக்கு நிச்சயமாத் தெரியல. அதனால இவரு உக்கார வேண்டாம். ஆனா ஜனங்க ஏறி இருக்கிற வண்டிக்குக் குறுக்க போனது தப்பு. அந்தக் கண்ணாடிய இவரே மாத்திக் குடுக்கணும். இனிமே நோட்ட யாரும் திருப்பி எழுதாதீங்க. நனைஞ்சா நனைஞ்சுதுன்னு சொல்லுங்க.”

“அப்ப எழிலு?” என்றார் தமிழரசு.

“அவரு மேல யாரு புகார் குடுத்தீங்க?”

யாரும் கொடுத்திருக்கவில்லை. லாவண்யா வரிசையில் முன்னால் நின்ற வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

தப்பு செய்தவன் தப்பித்துவிட்டான் என்று லத்தீஃபாவுக்குத் தெரியும். பைசல் சரி என்றும் தெரியும். இரண்டும் சேர்ந்து அவரைச் சில நாள் தூங்கவிடவில்லை. ஸ்டாண்டில் இரண்டு பக்கமும் அவர்மேல் கசப்பு. மோகன் பக்கம், தமிழரசுவைக் காப்பாற்ற நாற்காலியை விட்டு இறங்கிச் சாட்சி சொன்னாள் என்றது. தமிழரசு பக்கம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எழில் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பான், வேண்டுமென்றே இறங்கிவிட்டாள், மோகன் ஏதோ சொல்லியிருக்கிறான் என்றது. தமிழரசு கைலி மூட்ட வேறு கடைக்குப் போனார். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு பக்கத்திடமும் விலை போக முடியுமா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் லத்தீஃபா மிஷினைத் திருப்பிப் போட்டார். இத்தனை வருடம் அது சாலையைப் பார்த்து இருந்தது. இப்போது சுவரைப் பார்த்து. வெளிச்சம் போதாமல் பகலிலேயே விளக்குப் போட வேண்டி வந்தது. தைத்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பதுதான் அந்தத் தொழிலில் தனக்குப் பிடித்ததே என்று அவர் முன்பு சொல்லியிருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

“இன்னொரு தபா பாத்துடப் போறேன்னு பயமா கீது,” என்றார்.

ஒரு வேலை மட்டும் அவராகத் தேடிப் போய்ச் செய்தார். வெள்ளிக்கிழமை பகலில் கிருஷ்ணப்பிரியாவின் வீட்டுக்கு நடந்து போனார். “அன்னிக்கு உன்ன சந்தேகப்பட்டுத்தான் துணி வாங்கல. மன்னிச்சுக்க,” என்றார். கிருஷ்ணப்பிரியா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். ஆனால், “இப்ப எதுக்குக்கா வந்தீங்க? ஸ்டாண்டுல மறுபடி ஓட்டு வருதாமே,” என்றார். லத்தீஃபா தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். இந்தச் சந்தேகத்தைக் கற்றுக்கொடுத்தது யார் என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தாராம்.

ஓட்டு வரத்தான் செய்தது. பைசல் சொல்பவருக்கு ஒரு வருடம்தான் என்று ஏற்கெனவே முடிவு. மாசி மாதம் மறுபடி கூடினார்கள். முதலில் ஒரு புது விதியை வாசித்தார்கள். தகராறைக் கண்ணால் பார்த்தவர் அதற்குப் பைசல் சொல்லக் கூடாது, சாட்சிதான் சொல்ல வேண்டும். பத்தொன்பது கையும் மேலே போனது. எழிலின் கை உட்பட. அதன் பிறகு அடுத்த வருடத்துக்கு யார் என்றபோது லத்தீஃபாவின் பெயரைப் பார்த்தசாரதி சொன்னார். லத்தீஃபா ஓரமாக நின்றிருந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தார்.

கை தூக்கினார்கள். தமிழரசு தூக்கவில்லை. எழில் தூக்கவில்லை. ஒவ்வொன்றாக ஒன்பது எண்ணினார்கள். பத்து வேண்டும். மோகன் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

கூட்டம் கலைந்தபோது லத்தீஃபா அவரிடம் போனார்.

“நீங்க ஏன் தூக்குனீங்க?”

“ஏன், தூக்கக் கூடாதா?”

“எனக்குத் தெரியணும்.”

மோகன் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். “நாளைக்கு என் மேலயும் எவன்னா ஒருத்தன் கம்ப்ளைண்ட் குடுப்பான். அப்ப எதிர்ல தமிழு சொல்ற ஆளு குந்தியிருந்தா நான் இன்னா பண்றது? நீ எனக்கும் சொந்தமில்ல, அவனுக்கும் சொந்தமில்ல. அவ்ளோதான்.”

“வேற ஒண்ணும் இல்லியே?”

“நீ நம்பலன்னா நான் இன்னா சொல்ல முடியும்?” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

லத்தீஃபா வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது வருடமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை மூன்று புகார். மோகன் அன்றைக்குச் சொன்னது உண்மையா, அதற்குப் பின்னால் வேறு கணக்கு இருந்ததா என்று போன வாரம் கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“நெசமாத்தான் இருக்கும்,” என்றார். கொஞ்சம் விட்டு, “இருந்தாலும் அவருகிட்ட இருந்து டீ வாங்கறதில்ல,” என்றார்.